காலியிலிருந்து பாய்மரப் படகில் பாம்பனுக்கு: சுங்கமும் குடிநுழைவும் எங்கே முடிக்க வேண்டும்?

கேள்வி (கீழக்கரை வாசகர்):

என் அக்கா மகளும் அவள் கணவரும் தங்கள் சொந்தப் பாய்மரப் படகில் வந்து இலங்கையின் காலித் துறைமுகத்தில் தங்கியிருக்கிறார்கள். மருமகன் நியூசிலாந்து நாட்டவர்; அவளிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) இருக்கிறது. மாசி மாதத்தில் நேராகப் பாம்பனுக்கு வந்து, குந்துகால் பக்கம் நங்கூரம் போட்டுவிட்டு, ராமேஸ்வரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் அப்படித்தானே இறங்கினார்கள்? இது நடக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (தூத்துக்குடி, கப்பல் ஏஜென்ட் தொழிலில் இருந்தவர்):

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984-லேயே நின்றுபோனது. அந்த நினைவை வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கலமும், அது சரக்குக் கப்பலானாலும் இரண்டு பேர் ஓட்டும் சிறு படகானாலும், முதலில் சுங்கத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் வர வேண்டும். குந்துகாலில் நங்கூரம் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகம் தேடிப் போவது அதற்கு நேர்மாறான வேலை. வெளிநாட்டுக் கப்பல்கள் வந்துபோகிற, சுங்கமும் குடிநுழைவும் வழக்கமாகப் பார்க்கிற தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கே வரச் சொல்லுங்கள்.

காலியில் புறப்படும்போது வாங்கும் துறைமுக அனுமதிச் சீட்டில் அடுத்த துறைமுகம் தூத்துக்குடி என்றே எழுதியிருக்க வேண்டும். அதில் ஓர் ஊரும் வந்து சேர்ந்தது வேறோர் ஊருமாக இருந்தால், கேட்கும் அதிகாரிக்குப் பதில் சொல்லியே நாள் கழிந்துவிடும். படகின் பதிவுச் சான்று, பணியாளர் பட்டியல் (கணவன் மனைவி இருவரானாலும் பட்டியல் பட்டியல்தான்), படகிலுள்ள உணவு, மது, கருவிகள் ஆகியவற்றின் விவரம் எல்லாவற்றையும் பல நகல்களாக வைத்திருக்கட்டும். மது, சிகரெட் போன்றவற்றை ஒரு பெட்டியில் வைத்துச் சுங்கத்தார் முத்திரையிடுவது உண்டு. சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு, அதிகாரிகள் பார்த்து முடிக்கும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. முன்கூட்டியே உள்ளூர் ஏஜென்ட் ஒருவரை அமர்த்திக்கொள்வதே என் யோசனை. கட்டணம் கசக்கும், ஆனால் அலைச்சல் பாதியாகும்.

மகளுக்கு ஓசிஐ இருப்பதால் விசா வேண்டாம். மருமகன் இ-விசா எடுத்து வருவதாக இருந்தால் கவனம் தேவை: அது பட்டியலிட்ட துறைமுகங்களில் மட்டுமே செல்லும். கொழும்பு இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் ஒட்டித்தரும் விசாவை வாங்கிவிடுவது நிம்மதி.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சாட்டிலைட் போன். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை நம் நாட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். கடலோடிகள் உயிர்காக்கும் கருவியாக நினைத்து எடுத்துவருகிறார்கள். இங்கே விமான நிலையங்களில் அதற்காகக் கைதானவர்களே இருக்கிறார்கள். ட்ரோன் இறக்குமதிக்கும் தடை உண்டு. இரண்டையும் காலியிலேயே விட்டுவிட்டு வரலாம். இல்லையேல் ஏஜென்ட் மூலம் முன்பே எழுதிக் கேட்கட்டும்.

மறுமொழி (பாம்பன், விசைப்படகு உரிமையாளர்):

அண்ணன் சொன்னது சரி. தூத்துக்குடியில் முடித்த பிறகும், அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பச் சுங்கத்தாரின் எழுத்து அனுமதி வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் வழியிலுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆளில்லாத அழகான தீவாயிற்றே என்று வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கினால் அது தனி வழக்கு. தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) வடகடலுக்கு (பாக் விரிகுடா) போக எண்ணினால், பாம்பன் துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தூக்குப்பாலம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2025-இல் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும்பும். எனினும் பாய்மரத்தின் உயரத்தையும் அடிப்பகுதி நீரில் அமிழும் ஆழத்தையும் அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். தனுஷ்கோடி வழியாக ராமர் பாலத்தைக் கடக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஆழமும் இல்லை, எல்லைக்கோடும் அருகில். இலங்கையிலிருந்து ஆட்கள் வந்திறங்கும் மணல்திட்டுகள் என்பதால் கண்காணிப்பும் அதிகம்.

கேள்வி (கீழக்கரை வாசகர்):

மிக்க நன்றி. தூத்துக்குடி என்றே சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்று இறுகி, எங்கள் கரையில் ஒதுங்கும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி (தூத்துக்குடி):

அதற்கும் அதே 29-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. புயலாலோ விபத்தாலோ வேறிடத்தில் ஒதுங்க நேர்ந்தால், படகின் பொறுப்பாளர் உடனே அருகிலுள்ள சுங்க அதிகாரியிடமோ காவல் நிலையப் பொறுப்பதிகாரியிடமோ தெரிவித்து, கேட்டால் பயணக் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொருளை இறக்கவோ படகருகிலிருந்து அகலவோ கூடாது. உடல்நலம், பாதுகாப்பு, உயிரையோ உடைமையையோ காப்பது ஆகியவற்றுக்கு அவசியம் என்றால் மட்டும் விலக்கு. கரை தெரியும் முன்பே படகிலுள்ள விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழைக்கட்டும். கரையிலிருந்து நீங்கள் 1554-க்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ பேசலாம். படகின் பெயர், கொடி, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.