மறு: டிஃபீசிபிள், ஸ்ட்ரிக்ட்: 'விலக்கேற்கும் விதி', 'விலக்கேலா விதி'?

> டிஃபீசிபிள் = பெரும்பான்மை விதி, ஸ்ட்ரிக்ட் = கண்டிப்பு விதி என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். தருக்கத்தில் டிஃபீசிபிள் (defeasible) விதி என்பது விதிவிலக்கு வந்தால் விட்டுக்கொடுப்பது, ஸ்ட்ரிக்ட் (strict) விதி என்பது எந்த விலக்குக்கும் இடம் தராதது. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்பதுதான் பேச்சு.

'பெரும்பான்மை' வேண்டாம் என்பேன். கேட்டதும் நூற்றுக்கு எத்தனை என்று மனம் எண்ணப் போய்விடும். அது நிகழ்தகவுக்காரர்களின் கணக்கு. இங்கே எண்ணிக்கையே கிடையாது. எதிராக ஒன்று தெரியவரும்வரை முடிவை ஏற்கலாம், தெரிந்தால் கைவிடலாம், அவ்வளவுதான்.

ரத்தச் சிவப்பணுவைப் பாருங்கள். முதுகெலும்பிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு உண்டு. பாலூட்டிகளுடையதில் இல்லை. பாலூட்டியும் முதுகெலும்பிதான். மூன்றையும் கணினிக்கு அறிவை விதிகளாக எழுதித்தரும் மொழியான ஓ.டபிள்யூ.எல். 2-இல் (OWL 2) அப்படியே எழுதினால், பாலூட்டிச் சிவப்பணு என்ற வகுப்பில் எதுவுமே இருக்க முடியாது என்று ரீசனர், அதாவது விதிகளிலிருந்து முடிவுகளைப் பெறும் மென்பொருள், சொல்லிவிடும். அந்த வகுப்பில் ஒரே ஒரு சிவப்பணுவைப் பதிந்தால் போதும், மொத்த ஆன்டாலஜியும் (இப்படி எழுதிய வகுப்புகள், விதிகளின் தொகுப்பு) முரண்பட்டு, எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று வரும். முதல் விதியை மட்டும் இளக்கிவிட்டு மற்ற இரண்டையும் இறுக்கமாகவே வைத்தால் சிக்கல் தீரும்: தவளையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்ற முடிவு நிற்கும், மனிதருக்கு அது எழாது. ஆய்வாளர்கள் லேமனும் மகிடோரும் 1992-இல் விளக்கிய ரேஷனல் குளோஷரை (விலக்குள்ள விதிகளிலிருந்து முடிவெடுக்கும் ஒரு முறை) டிஸ்கிரிப்ஷன் லாஜிக்குக்கு (ஓ.டபிள்யூ.எல்.-க்கு அடிப்படையான தருக்கம்) கொண்டுவந்தவர்கள் செய்வது இதைத்தான்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதா என்ன? உயிரீற்றின் முன் 'கசதப மிகும் விதவாதன மன்னே' என்கிறது நன்னூல். விதவாதன, அதாவது வேறு விதி சொல்லப்படாதவை. பவணந்தியார் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். ஊறுகாயில் ககரம் மிகாததால் அந்த நூற்பா பொய்த்துவிடவில்லை. வினைத்தொகைக்கு உரிய விதி அங்கே பொதுவிதியை விலக்குகிறது. உரையாசிரியர்கள் இதை 'எய்தியது விலக்கல்' என்பார்கள்.

அந்த 'விலக்கை' எடுத்துக்கொண்டால், டிஃபீசிபிளுக்கு 'விலக்கேற்கும் விதி', ஸ்ட்ரிக்டுக்கு 'விலக்கேலா விதி'. இணையாகவும் நிற்கின்றன. 'விலக்குறு விதி' இன்னும் சுருக்கம்தான், ஆனால் ஏற்கெனவே விலக்கப்பட்டுவிட்டது போல ஒலிக்கிறது. 'கண்டிப்பு' கணக்கு வாத்தியாருக்குப் பொருந்தும், விதிக்கு வேண்டாம்.

சரி, விதிக்குச் சொல் ஆயிற்று. அதிலிருந்து கிடைக்கும் முடிவுக்கு? அங்கே விதி அப்படியே இருக்கிறது, முடிவைத்தான் திரும்பப் பெறுகிறோம். 'மீட்கத்தகு முடிவு' என்று எழுதிப் பார்த்தேன், அடகுக்கடை வாடை அடிக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.