சோளனுக்கு மருந்தடிச்சும் புழு சாகேல்ல, அவசரம்

தோப்பூர்ப் பொடியன்: முந்தநாள் பின்னேரம் மருந்தடிச்சனான். இண்டைக்குப் பாத்தா புழு அப்பிடியே நிண்டு தின்னுது. கடையில போலி மருந்து தந்திட்டாங்களோ? வேற என்ன அடிக்கலாம், கெதியாச் சொல்லுங்கோ.

கிண்ணியாக்காரன்: தலைப்பில சோளன் எண்டு இருக்கு, சரி. என்ன மருந்து தம்பி? புழு எவ்வளவு பெரிசு? மழை பெஞ்சதா?

நிலாவெளித் தோட்டம்: தண்ணியப் பாருங்கோ. எங்கட பக்கம் கிணறெல்லாம் சவர். சவர்த் தண்ணியில கலந்தா சில மருந்து சரியாக் கேக்காது.

கிண்ணியாக்காரன்: உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சவர்த் தண்ணிதான்.

தோப்பூர்ப் பொடியன்: படம் ஏறுதில்ல. போத்தல்ல நோவாலூரோன் எண்டு கிடக்கு. மழை இல்ல.

பூச்சி வாத்தியார்: லேபல வாசிக்காம அடிக்கிறது, பிறகு கடைக்காரனுக்குத் திட்டுறது. மாதம் ஒருக்கா இதே கேள்வி. தம்பி, அது நரம்புல அடிக்கிற மருந்தில்ல, வளர்ச்சியக் குழப்புற மருந்து. புழு தோல் கழட்டேக்க புதுத் தோலுக்குக் கைற்றின் எண்ட பொருள் வேணும். இது அதை உண்டாக்க விடாது. வயித்துக்குள்ள போகவேணும், அடுத்த தோல் கழட்டுற நேரமும் வரவேணும். அதுவரை தின்னும். 3 தொடக்கம் 7 நாள் பொறுக்கவேணும். தலையில கவிழ்ந்த ஒய் அடையாளமும், வால்பக்கம் சதுரமா நாலு புள்ளியும் இருந்தா அது படைப்புழு, 2018ல இலங்கைக்குள்ள வந்த அதே சாமான். புழு வளர்ச்சியில ஆறு பருவம் இருக்கு. சின்னதிலதான் இந்த மருந்து பிடிக்கும்.

கட்டைபறிச்சான் வயல்: வாத்தியார் சொல்லுறது சரி, கொஞ்சம் மரியாதையாச் சொல்லலாம். தம்பி, குருத்த விரிச்சுப் பாருங்க. மரத்தூள் மாதிரி ஈர எச்சம் அடைச்சிருந்தா உள்ள இருக்கிறது பெரிய புழு. இலைக்கு மேல அடிச்சது அதுக்குப் போய்ச் சேராது. குழாய் முனையக் குருத்துக்கு நேராப் பிடிச்சு, வெயில் சாய்ஞ்ச பிறகு அடிக்கவேணும். பெரிசுகளக் கையால நசுக்கிறதுதான்.

நிலாவெளித் தோட்டம்: கூட சைபர்மெத்ரின் எண்ட நரம்புல அடிக்கிற மருந்தும் கலந்தா கெதியா விழும் எண்டு நினைக்கிறன்.

பூச்சி வாத்தியார்: விழுறது உங்கட நல்ல பூச்சியளும்தான்.

கொட்டியாரத் தோணி: மருந்துக் காரர் எல்லாருக்கும் ஒண்டு. மருந்தடிக்கிற டாங்கிய வாய்க்கால்ல கழுவாதேங்கோ. இறால், நண்டுட ஓட்டிலயும் கைற்றின்தான் இருக்கு, அதுகளும் தோல் கழட்டித்தான் வளருதுகள். இந்த மருந்து களப்புக்குள்ள போனா முதல்ல குஞ்சிறால்தான் போகும்.

நிலாவெளித் தோட்டம்: இறால் குறைஞ்சதுக்கு விவசாயிதான் காரணமா? சின்னக் கண்ணி வலை போடுறவங்களக் கேளுங்கோ.

கொட்டியாரத் தோணி: வலையையும் கேப்பம், டாங்கியையும் கேப்பம்.

கிண்ணியாக்காரன்: தம்பிட கேள்விய விட்டுட்டு எங்கயோ போறம்.

தோப்பூர்ப் பொடியன்: சொன்ன மாதிரிப் பொறுத்துப் பாத்தன், சின்னப் புழு கறுத்துச் சுருண்டு கிடக்கு. பெரிசு இன்னும் தின்னுது, கையால நசுக்கிறம். விவசாயத் திணைக்களத்துக்கு 1920 அடிச்சுக் கேட்டன், பெரிசுக்கு வேற மருந்து விவசாயப் போதனாசிரியரிட்டக் கேட்டு எடுக்கட்டாம். நன்றி.

கொட்டியாரத் தோணி: டாங்கிய எங்க கழுவினீங்க தம்பி?