இன்சுலின் அளவை மாத்துற கருவிகளை உருவாக்குற டாக்டர்மாரைச் சந்திச்ச ஆக்கள் இருக்கிறீங்களோ?

ஹரோ அம்மா

மகனுக்கு டைப் 1 நீரிழிவு. கேம்ஏபிஎஸ் லூப் போட்டிருக்கு. அது சென்சர் காட்டுற சுகரைப் பாத்து, பம்ப் குடுக்கிற இன்சுலினைத் தானாக் கூட்டிக் குறைக்கிற போன் ஆப். போன கிளினிக்கில நடந்த ஒண்டு மனசை விட்டுப் போகுதில்லை, அதைத்தான் எழுதுறன்.

வழக்கமாப் பாக்கிற டாக்டர் அண்டைக்கு லீவு. வந்தவர் இந்த ஆராய்ச்சிக்குள்ளயே இருக்கிறவர், அல்கோரிதம் எழுதுற ஆக்களோட சேர்ந்து வேலை செய்யிறவர் எண்டு நேர்ஸ் சொன்னா. நான் கொப்பியில கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு போனனான். அவர் கொப்பியைப் பாக்கேல்ல. ரெண்டு கிழமை இரவுகளின்ர கிராபை ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சுப் பாத்துப்போட்டு, ஒரு இடத்தில விரலை வைச்சார். விடிய மூண்டு மணி. 7-இல நேரா வந்த கோடு சடாரெண்டு 3.2-க்கு விழுந்து, கொஞ்ச நேரத்தில திரும்பவும் 7. (இந்தியாவில இருக்கிற ஆக்களுக்கு: 18-ஆல பெருக்குங்கோ. 126, 58.)

“பிள்ளை இடது பக்கம் சரிஞ்சு படுக்கிறவனோ?”

ஓம். சென்சர் இடது கையில. அலாரம் அடிக்கும், நான் ஓடிப்போய் விரலில குத்திப் பாத்தா 7 காட்டும். முந்திக் கேட்ட எல்லாரும் “சென்சர் பிழை” எண்டதோட விட்டிட்டினம். இவர்தான் விளங்கப்படுத்தினார். சென்சர் ரத்தத்தைப் பாக்கிறதில்லை, தோலுக்குக் கீழ இருக்கிற நீரைத்தான் பாக்குது. உடம்புப் பாரம் அந்த இடத்தை அமத்தினா அங்க குளுக்கோஸ் வந்து சேராது, சுகர் குறைஞ்சிட்டுதெண்டு பொய்யா லோ காட்டும். லூப் அதை நம்பி இன்சுலினை நிப்பாட்டும். பிறகு அஞ்சு மணிபோல சுகர் ஏறும். அந்த அஞ்சு மணி ஏத்தத்துக்காக எத்தினை தரம் இரவுச் சாப்பாட்டை மாத்தினனாங்கள்!

பிறகு சொன்னார்: “அது படுக்கிறதை அறியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு நம்பர் மட்டும்தான்.” சொல்லேக்க என்னைப் பாக்கேல்ல, கிராபைப் பாத்துக்கொண்டே சொன்னவர். அந்த நேரம் அவற்ற முகத்தில இருந்த கவலையை என்னால மறக்கேலாமல் கிடக்கு. அதை உருவாக்கிற ஆளே அப்பிடிச் சொன்னா, அதுக்குத் தெரியாத வேற என்னென்ன இருக்கு? உங்கட டாக்டர்மார் இப்பிடி ஏதும் சொன்னவையோ?

லிவோனியா தாத்தா

அம்மா, லூப் மட்டும்தான் கருவின்னு நினைச்சிடாதீங்க. நான் டைப் 2. பம்ப் கிடையாது, இன்சுலின் பேனாதான். மிச்சிகன்ல இருக்கேன், இங்க டி-நேவ்னு ஒண்ணு. மிச்சிகன் பல்கலைக்கழகத்து எண்டோகிரைனாலஜிஸ்ட் இஸ்ரேல் ஹோடிஷும் எரான் பஷான்ங்கற இன்ஜினியரும் சேர்ந்து ஆரம்பிச்சது. ஊசி போடறதுக்கு முன்னால சுகர் பாக்கணும், எத்தனை யூனிட்னு அதுவே சொல்லும். நம்ம அளவுகளைச் சேர்த்துவெச்சு வாராவாரம் டோஸை ஏத்தும், இறக்கும்.

எனக்கு அதை ஆரம்பிச்சுக் கொடுத்த டாக்டர்கிட்ட முதல் நாளே கேட்டேன்: “நீங்க சொல்லுங்க டாக்டர், எத்தனை யூனிட் போடட்டும்?” அவர் பதில் சொல்லலை. கருவியை என் பக்கம் திருப்பி வெச்சார். “நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துவேன். உங்க உடம்பு அதுவரைக்கும் காத்திருக்காது.” அவ்வளவுதான். ஒரு டாக்டர் தன் கையில இருந்த வேலையை அப்படி எடுத்துக் கொடுத்ததை நான் அதுவரை பாத்ததில்லை.

டோஸ் ஏறிக்கிட்டே போச்சு. எங்க அண்ணன்கள் எல்லாருக்கும் இன்சுலின் கூடினா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம், எனக்கும் அந்தப் பயம்தான். அப்புறம் ஒரு வாரம் தானாவே குறைச்சுது. நான் காலையில நடக்க ஆரம்பிச்சிருந்தேன், யார்கிட்டயும் சொல்லலை. அது கண்டுபிடிச்சிடுச்சு.

ஆதாரம் கேட்பீங்க. 2019-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. 181 பேர், 6 மாசம், ரெண்டு குழுவுக்கும் டாக்டர் கவனிப்பு ஒரே அளவு. கருவி வெச்சிருந்தவங்களுக்கு ஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 1.0 சதவீதம் இறங்குச்சு, மத்தவங்களுக்கு 0.3.

மதுரைக்காரன்

தாத்தா, வணக்கம். கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். கருவி 30 யூனிட்னு சொல்லுது, சரி. 30 யூனிட் உள்ள போச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க பேனாவுல போடுறீங்க, திருப்பினா நம்பர் வரும். எங்க ஊர்ல பாதிப்பேர் வயல்ல, அதாவது மருந்துக் குப்பியில, சிரிஞ்ச் விட்டு உறிஞ்சுறாங்க.

எங்க டாக்டரும் இப்படி ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்காரு. மொதல்ல அட்டையில எழுதிக் குடுப்பாரு, இத்தனை சுகர்னா இத்தனை யூனிட்னு. இப்ப அதையே போன்ல வர்ற மாதிரி பசங்களை வெச்சு எழுதிக்கிட்டிருக்காரு. எங்க அம்மாவைக் கூட்டிப் போனப்ப அவரு எத்தனை யூனிட்னே கேக்கல. “போட்டுக் காட்டுங்கம்மா”ன்னாரு. அம்மா சிரிஞ்சை உறிஞ்சித் தூக்கிப் பிடிச்சாங்க. அவரு எந்திரிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போயி, வயலையும் சிரிஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. வயல் 40. சிரிஞ்ச் 100. மருந்துக்கடையில எது இருந்துச்சோ அதைக் குடுத்திருக்கான். “இதை என் போன் கண்டுபிடிக்காதுப்பா”ன்னு என்கிட்ட சொன்னாரு.

யாரும் கேக்கலைன்னாலும் சொல்லிடறேன், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். இந்தியாவுல வயல்ல 40-உம் இருக்கு, 100-உம் இருக்கு. 40-னா ஒரு மில்லியில 40 யூனிட். அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 வயலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். சுகர் இறங்கவே இறங்காது, டாக்டர் ஏத்திக்கிட்டே போவாரு. மாத்தி நடந்தா இன்னும் மோசம்: 100 வயலைச் சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 வரைக்கும் எடுத்தா 50 யூனிட் போயிரும். ஆள் மயக்கம் போட்டுருவாங்க. வாங்கும்போது வயல்ல இருக்கற நம்பரையும் சிரிஞ்சுல இருக்கற நம்பரையும் கடையிலயே நின்னு பாருங்க. வீட்டுக்கு வந்து பாக்காதீங்க.

ரெண்டாவது, ஒரே இடத்துல போடாதீங்க. வயித்தைத் தடவிப் பாருங்க, கட்டி மாதிரி தட்டுப்படும். அதுல போட்டா வலிக்காதுன்னு பெருசுங்க அங்கயே போடுவாங்க. அங்க இன்சுலின் ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. அதை நம்பி டோஸை ஏத்திட்டு, திடீர்னு நல்ல இடத்துல போட்டா லோ ஆயிரும். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்க.

மூணாவது, ஃபிரீசர்ல வெக்காதீங்க. உறைஞ்சு போன இன்சுலினைத் தூக்கிப் போட்டுரணும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்ல மண்பானைக்குள்ள மண்பானை வெச்சு நடுவுல ஈர மணல் போட்டு வெக்கிறாங்க, அது நல்ல வழி.

லிவோனியா தாத்தா

தம்பி, நான் பேனாவுல போடறேன்னு மேலயே எழுதியிருக்கேன். ஆனா கட்டி விஷயம் நியாயம். நேத்து தடவிப் பாத்தேன், இடது பக்கம் இருக்கு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டறேன்.

நார்விச்சிலிருந்து

ஹரோ அம்மா கேட்டதுக்கு என் பதில். அதை உருவாக்குறவங்களுக்கு அதோட எல்லை தெரிஞ்சிருக்கு, அதனாலதான் நான் நம்புறேன். நான் கர்ப்பமா இருந்தப்போ அதே ஆப்தான். கர்ப்பத்துல சுகர், இந்தியாக் கணக்குல, 63-லேர்ந்து 140-க்குள்ள இருக்கணும். மத்தவங்களுக்கு 180 வரைக்கும் விடுவாங்க, நமக்குக் கிடையாது. இங்க டாக்டர் ஹெலன் மர்ஃபி தலைமையில நடந்த ஆய்வு 2023-ல வந்தது. 124 பெண்கள். லூப் போட்டவங்க ஒரு நாள்ல 68 சதவீத நேரம் அந்த எல்லைக்குள்ள இருந்தாங்க, மத்தவங்க 56.

எனக்கு மறக்காதது பிரசவ அறை. கர்ப்பத்தோட கடைசியில இன்சுலின் தேவை ரொம்ப ஏறியிருக்கும். நஞ்சுக்கொடி வெளிய வந்த உடனே அது அப்படியே விழுந்துடும். அதைக் கவனிக்காம விட்டா பழைய அளவே உள்ள போய் அம்மாவுக்கு லோ ஆகும். இதை எங்க டாக்டரம்மா மூணு மாசம் முன்னாலயே சொல்லி, பிரசவத்துக்கு அப்புறம் போட வேண்டிய செட்டிங்கை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திருந்தாங்க. அவங்க கிளினிக் வேலையோட இந்த மென்பொருள் குழுவுலயும் இருக்கறவங்க.

குழந்தை அழுதுச்சு. என் வீட்டுக்காரர் அழுதார். அம்மா வீடியோ கால்ல அழுதாங்க. டாக்டரம்மா உள்ள வந்து குழந்தை பக்கமே திரும்பலை. என் போனை எடுக்கலாமான்னு கேட்டு எடுத்து, செட்டிங்கை மாத்தி, பம்ப் கொடுக்கற இன்சுலின் குறையற வரைக்கும் நின்னாங்க. கோடு கீழ இறங்கினதுக்கு அப்புறம்தான் நிமிர்ந்து பாத்து, “வாழ்த்துகள், பொண்ணா பையனா?”ன்னு கேட்டாங்க.

அது என்மேல இருந்த அக்கறையா, அவங்க எழுதினது சரியா வேலை செய்யுதான்னு பாக்கற ஆர்வமான்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். ரெண்டும்தான்னு என் வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு அந்தப் பதில் போதலை.

லூப்பர், சென்னை

எல்லாரும் டாக்டர்கள்தான் உருவாக்கினாங்கன்னு எழுதறீங்க. அதை நான் ஒத்துக்க மாட்டேன். தானா டோஸ் போடற ஐலெட் பம்ப்பைக் கொண்டுவந்த எட் டாமியானோ பாஸ்டன் பல்கலைக்கழகத்து இன்ஜினியர், அவரோட பையனுக்குக் கைக்குழந்தையா இருக்கும்போதே டைப் 1 வந்தது. சியாட்டில்ல டேனா லூயிஸ், அவங்களே டைப் 1. ராத்திரி அலாரம் சத்தம் பத்தலைன்னு ஆரம்பிச்சு, கடைசியில லூப்பே செஞ்சு, 2015-ல ஓப்பன்ஏபிஎஸ்னு எல்லாருக்கும் இலவசமா வெளியிட்டாங்க. அந்த வழியில வந்த ஆண்ட்ராய்டுஏபிஎஸ்ஸை வெச்சு நியூசிலாந்துல 97 பேருக்கு முறையா சோதனை நடத்தி, 2022-ல என்இஜேஎம்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. லூப் போட்டவங்க சுகர் எல்லைக்குள்ள இருந்த நேரம் 61-லேர்ந்து 71 சதவீதம் ஆச்சு. டாக்டர்கள் வேண்டாம்னு சொல்லலை. ஆனா முதல் அடி எங்க வீடுகள்லேர்ந்து வந்தது, அதை விட்டுட்டுப் பேசாதீங்க.

நான் போட்டிருக்கறது அதுதான். என் டாக்டர் எல்லாம் தெரிஞ்சவர், டோஸ் கணக்குல அவரே ஆராய்ச்சி பண்றவர். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். போன் சார்ஜ் தீர்ந்தா? பம்ப் அரை மணி நேரத்துல பழைய பேசலுக்கு, அதாவது நாள் முழுக்க மெதுவா போற வழக்கமான அளவுக்கு, திரும்பிடும்னேன். சென்சர் பொய் சொன்னா? ஒரே நேரத்துல உடம்புல இருக்கற இன்சுலினுக்கு உச்சவரம்பு வெச்சிருக்கேன், அதைத் தாண்டாதுன்னேன். தலையை ஆட்டி, அந்த வரம்பு எப்படிக் கணக்குப் போட்டேன்னு தாள்ல எழுதச் சொன்னார். எழுதிக் காட்டினேன். சந்தோஷப்பட்டார்.

கிளம்பும்போது கேஸ் ஷீட்டைப் பாத்தேன். “பம்ப்பில் உள்ளார்” அவ்வளவுதான். லூப்னு ஒரு வார்த்தை இல்ல. நான் அவரைப் பாத்தேன், அவர் என்னைப் பாத்தார். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை. அங்கீகாரம் இல்லாததை ஒரு டாக்டர் எழுத முடியாது, எனக்குப் புரியுது. ஆனா நான் மயக்கமா ஒரு ஆஸ்பத்திரியில கிடந்தா, என் உடம்புக்குள்ள இன்சுலினைக் கூட்டிக் குறைக்கறது என் பாக்கெட்ல இருக்கற போன்னு அங்க யாருக்குத் தெரியும்? போனை அணைச்சு என் பையில போட்டுக் கொடுத்துடுவாங்க.

மதுரைக்காரன்

தம்பி, பர்ஸ்ல ஒரு அட்டை வைங்க. டைப் 1, பம்ப், போன் மூலமா ஓடுது, கழட்டினா ஊசியில இன்சுலின் கண்டிப்பா போடணும்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி லேமினேட் பண்ணிருங்க. எம்ஆர்ஐ மாதிரி ஸ்கேனுக்குக் கொண்டு போனா பம்ப்பைக் கழட்டணும், சென்சரையும் கழட்டணுமான்னு பாக்கணும்னு சேருங்க. பம்ப்ல நீண்ட நேர இன்சுலின் கிடையாது. கழட்டி வெச்சுட்டு சும்மா விட்டா சில மணி நேரத்துல ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏற ஆரம்பிக்கும். அதை வார்டுல இருக்கறவங்களுக்குச் சொல்லணும். வீட்ல ஒருத்தருக்காவது போன் லாக் நம்பர் தெரியணும்.

நார்விச்சிலிருந்து

லூப்பர், டாக்டர் எழுதலைன்னா நீங்க கேட்டிருக்கணும். எழுதுங்கன்னு நேராவே சொல்லியிருக்கலாம்.

லூப்பர், சென்னை

உங்க நாட்ல எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம்னு முடிவு பண்ற நைஸ் அமைப்பு 2023 டிசம்பர்ல லூப் கொடுக்கலாம்னு சொல்லிடுச்சு, அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் கொடுக்குது. நீங்க கேக்கலாம். இங்க நான் கேட்டு அவர் முடியாதுன்னா, அடுத்த மாசம் எந்த முகத்தோட போவேன்? ஊர்ல இதைப் புரிஞ்சுக்கற டாக்டர் எனக்கு அவர் ஒருத்தர்தான்.

ஹரோ அம்மா

எல்லாருக்கும் நன்றி. நார்விச் தங்கச்சி, உங்கட டாக்டரம்மா செய்ததை என்ர மனுசனுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் “அக்கறை” எண்டார். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். பிள்ளையைப் பாக்க அண்டைக்கு எத்தினையோ பேர் இருந்தவை, உங்களைப் பாக்க அவா ஒராள்தான்.

எங்கட டாக்டர் சென்சரை வலது கைக்கு மாத்தச் சொன்னவர். மாத்தினம். இப்ப மகன் வலது பக்கம் படுக்கிறான்! நேர்ஸ் சொல்லுறா, சின்னப் பிள்ளையளுக்கு இடுப்புக்குக் கீழ பின்பக்கத்திலயும் போடலாமெண்டு. பள்ளிக்கூடத்தில கதிரையில இருக்கேக்க அமத்தாதோ? ஆரும் போட்டுப் பாத்தனீங்களோ?