84 வோல்ட்டுக்கு 90 வோல்ட் டிவிஎஸ் போதுமாம்!

ஈயப்பற்று: 72 வோல்ட் மின்வண்டி மோட்டார் கன்ட்ரோலருக்கு எஸ்எம்சிஜே90ஏ டிவிஎஸ் டயோடு (சர்ஜை, அதாவது திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை, அமுக்குவது) போட்டால், மோட்டார் கரண்டை சுவிட்ச் செய்யும் 100 வோல்ட் மாஸ்ஃபெட் பத்திரமாக இருக்கும் என்று ஒருவர் நேற்று அடித்துவிட்டிருக்கிறார். 90 என்பது அது சும்மா இருக்கும் வோல்டேஜ். சர்ஜில் அதன் வழியே 10.3 ஆம்பியர் ஓடும்போது 146 வோல்ட் வரை விட்டுவிடும் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. அதற்குள் மாஸ்ஃபெட் செத்திருக்கும்.

முறுக்குவிசை: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயரையே சொல்லலாம். 20 செல், முழு சார்ஜில் 84. அதற்கு மேல் 90. என்ன தப்பு? 1 ஆம்பியர்தான் ஓடுகிறதென்றால் 110 பக்கம் நின்றுவிடும்.

ஈயப்பற்று: 110-ம் 100-ஐ விடப் பெரிதுதான் சார்.

மூன்றாம்பேஸ்: முதலில் எந்த சர்ஜ்? சுவிட்ச் ஆகும்போது வரும் ஸ்பைக்கா, ரீஜென் பிரேக்கில் (மோட்டாரே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பிரேக்) பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் கட் ஆகி வோல்டேஜ் ஏறுவதா? இரண்டாவதை டிவிஎஸ் தாங்கவே தாங்காது. அதன் 1500 வாட் எல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குத்தான். முதலாவதற்கு, கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டை ஒட்டி வையுங்கள்.

ஈயப்பற்று: எந்த சர்ஜானாலும் 146, 146தான். 50 நானோஹென்றி ஒயரில் 200 ஆம்பியர் 100 நானோசெகண்டில் நின்றால் 100 வோல்ட் துள்ளும். 84-உடன் கூட்டிப் பாருங்கள். என் மேஜையில் ஒரு மாஸ்ஃபெட் கிடக்கிறது: முதுகு பிளந்து, மூன்று காலும் ஷார்ட்.

முறுக்குவிசை: மாஸ்ஃபெட்டே அவலாஞ்சை, அதாவது அளவு மீறிய வோல்டேஜைக் கொஞ்ச நேரம், தாங்கும் என்பதைக் கணக்குப் புலி மறந்துவிட்டார். என் வண்டி இரண்டு வருடமாக ஓடுகிறது.

ஈயப்பற்று: மாஸ்ஃபெட்டே தாங்கும் என்றால் டிவிஎஸ் எதற்கு, அழகுக்கா?

பழையசுருள்: டிவிஎஸ்ஸுக்குப் பதில் எம்ஓவி (சர்ஜை அமுக்கும் இன்னொரு வகை பாகம்) போடலாமே, மலிவு.

ஈயப்பற்று: அது ஒவ்வொரு அடிக்கும் தேயும், கசிவு கூடும். பேச்சை மாற்றாதீர்கள். 146.

முறுக்குவிசை: 48 வோல்ட் பேக்குக்கு 50 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்றவர் யார்? 13 செல் முழு சார்ஜில் 54.6. கேட்டுப் போட்டவருக்கு டப்பென்று வெடித்தது.

ஈயப்பற்று: 63 என்பதற்குக் கை தவறி 50. அன்றே திருத்தினேன்.

முறுக்குவிசை: மூன்று நாள் கழித்து. வெடித்த பிறகு.

மூன்றாம்பேஸ்: 150 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டால் இந்தச் சண்டையே இல்லையே?

ஈயப்பற்று: ஆன் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு ஏறும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 146-க்கு இன்னும் பதில் வரவில்லை.

முறுக்குவிசை: சொல்லியாயிற்று. 1 ஆம்பியர்.

ஈயப்பற்று: 200 ஆம்பியர் மோட்டாரில் 1 ஆம்பியர்! சரி, அந்தக் கெப்பாசிட்டர் விஷயம், மூன்று நாள் இல்லை, இரண்டு.