சார்காய்டு (தோல், நுரையீரல், கண், இதயம் என்று பல உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் வரும், தொற்றாத நோய்) தோலில் வந்தவர்கள் உண்டா? அம்மாவுக்கு நடந்தது

மல்லிகைப்பந்தல்:
அம்மாவுக்குக் கையிலும் முதுகிலும் ஏழெட்டு வெளிர்ந்த தேமல். பார்த்தவுடனே தொழுநோய் என்று கூட்டு மருந்து கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் உடம்பு கறுத்ததுதான் மிச்சம், தேமல் இன்னும் தடித்தது. அப்புறம் வேறொரு தோல் மருத்துவர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரியாகத் திரித்துத் தேமல் மேல் தொட்டார். "எங்க தொடுறேன்னு காட்டுங்கம்மா." அம்மா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. 'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி' என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் பார்த்தார். பயாப்சியில் சார்காய்டு, நெஞ்சு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நெறி கட்டியிருந்தது. அந்த இரண்டு நிமிடப் பஞ்சுச் சோதனையை முதல் இடத்தில் ஏன் செய்யவில்லை?

தென்காற்று:
அப்படிக் குற்றம் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் வெளிர்ந்த தேமலுக்குத் தொழுநோயை முதலில் நினைக்கத்தான் வேண்டும். விட்டால் கை கால் போகும். முகத்துத் தேமலில் உணர்ச்சி இருந்தும் தொழுநோயாக இருக்கலாம். பயாப்சியிலேயே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நரம்பு சிதைந்திருக்கிறதா என்று தேடித்தான் பிரிக்கிறார்கள். எனக்கு மூக்கில் ஊதாத் தடிப்பு, லூபஸ் பெர்னியோ என்று சார்காய்டிலேயே முகத்தில் வரும் ஒரு வகை. ஸ்டீராய்டைக் குறைத்தால் திரும்ப வரும். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மீத்தோட்ரெக்சேட் மருந்தில்தான் அடங்கியது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு "அவர் குடிப்பாரோ?" என்று கேட்டது இன்னும் ஆறவில்லை.

கணக்குவாத்தியார்:
எனக்கு முழங்காலில், பள்ளிக்கூடத்தில் விழுந்த தழும்பு முப்பது வருடம் கழித்துச் சிவந்து புடைத்தது. அவ்வளவுதான். மல்லிகை, இதைக் கவனியுங்கள். வைட்டமின் டி, கால்சியம் மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் உடம்பே வைட்டமின் டியின் வீரியத்தைக் கூட்டிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகக் கல் வரை போகும். கண் சிவக்காவிட்டாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், ஈசிஜியும் எடுங்கள். இதற்குக் கொடுக்கும் மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்றால் தொடங்கும்போதே விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மீத்தோட்ரெக்சேட் என்றால் வாரம் ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்! நாளைக்கே கேட்கிறேன். தென்காற்று அண்ணா, சரி, சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆனால் மருந்து தொடங்கிவிட்டால் தொழுநோயே ஆனாலும் பரவாது என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதமும் அம்மா தனித் தட்டில் சாப்பிட்டார், பேரனைத் தூக்கவில்லை. இப்போது தூக்குகிறார். தட்டை மட்டும் இன்னும் தனியாகக் கழுவி வைக்கிறார்.