ஆணுறை கிழிந்துவிட்டது: எச்.ஐ.வி. பரிசோதனையை எப்போது செய்துகொள்வது?

ஓசூர்வாசி (திங்கள், காலை):

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில். மனைவியும் குழந்தையும் ஊரில் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பத்து மணியளவில் பெங்களூரில், அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண்ணோடு உறவு கொண்டேன். ஆணுறை அணிந்திருந்தேன்; கழற்றும்போதுதான் நுனியில் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். அவருக்கு ஏதேனும் நோய் உண்டா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வாய் வரவில்லை. நேற்று ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். நெகட்டிவ் என்று வந்தது. ஆனால் நேற்று மாலையிலிருந்து தொண்டை கரகரப்பாக இருக்கிறது. அந்த முடிவை நம்பலாமா? தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்குகிறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பழைய ஆலோசகர் (திங்கள், காலை):

தம்பி, அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பரிசோதனை பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மணியைப் பாருங்கள். கிருமி உடலில் நிலைகொள்வதற்கு முன்பே அதைத் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அதைத் தொடர்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்கள் கணக்கில் அந்த 72 மணி நேரம் செவ்வாய் இரவு பத்து மணிக்கு முடிகிறது. அதுவரை நேரம் இருக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவுக்குப் பலன். இன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தருமபுரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். எந்த ஊர்க்காரர் எந்த ஊரில் பார்த்துக்கொள்ளவும் தடை இல்லை. நேராக மருத்துவரிடம், நடந்ததையும் நடந்த நேரத்தையும் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேலையில் தவறுதலாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் மனத்தில் வைத்தே இம்மருந்து பெரும்பாலும் கையிருப்பில் வைக்கப்படுகிறது, உங்களைப் போன்றவர்களுக்குத் தருவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அங்கே கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே ஒரு தனியார் பொதுநல மருத்துவரிடம் சீட்டு வாங்கிப் பெரிய மருந்துக்கடையில் கேளுங்கள். வழி தெரியாமல் நின்றால் 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

நேற்று வந்த நெகட்டிவ், சனிக்கிழமைக்கு முன்பு வரை நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார். தொண்டைக் கரகரப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியாது, புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வருவது உண்மைதான், ஆனால் அது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே வரும். எதுவுமே வராமலும் போகலாம். அறிகுறியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாத நோய் இது.

தொப்பூரான் (திங்கள், பிற்பகல்):

பெரியவர் சற்று அதிகமாகவே பயமுறுத்துகிறார் என்று படுகிறது. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து, ஆணுறையே இல்லாமல் உறவு நடந்திருந்தாலும், ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஒரு முறைக்குப் பத்தாயிரத்தில் சுமார் நான்கு என்றுதான் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு சிறிய எண் என்று தெரியும். இதற்கு ஒரு மாதம் மாத்திரை தேவையா? ஒரு மாதம் கழித்து ரத்த தானம் கொடுங்கள். அவர்களே எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது.

செவிலி அக்கா (திங்கள், பிற்பகல்):

தொப்பூரான் சொன்ன எண்ணிக்கை சரி. ரத்த தான யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தொற்று ஏற்பட்டும் பரிசோதனையில் பிடிபடாத இடைக்காலம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கொடுத்த ரத்தம், பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட ஒரு பெண்ணுக்கு ஏற்றப்படலாம். பரிசோதனை வேண்டும் என்றால் அதற்கென்றே நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, ஒருவருடைய சம்மதம் பெற்றே பரிசோதனை செய்ய வேண்டும், முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

எண்ணைப் பொறுத்தவரை, அது சராசரி. புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் வாய்ப்பு கூடும். அந்தப் பெண் ஏற்கெனவே முறையாக எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உறவின் வழியே தொற்றவே தொற்றாது. இதில் எது உண்மை என்று நமக்குத் தெரியாது. எண் சிறியது என்பதால் மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை அவர் முன்னால் உட்கார்ந்து எடுக்க வேண்டும். இங்கே விவாதித்துக்கொண்டே 72 மணி நேரத்தைக் கழித்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சுவரில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எழுதியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். வருமா வராதா என்று வேடிக்கை பார்க்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். வராமல் தடுக்க மருந்து உண்டு என்பது இன்னும் பலர் காதுக்கு எட்டவில்லை.

பரிசோதனை நாள்கள்: கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை ஆய்வகத்தில் ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்துச் செய்தால், 45 நாளுக்குப் பிறகு வரும் நெகட்டிவை நம்பலாம். விரலில் குத்திச் செய்யும் துரிதப் பரிசோதனை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு முடிவு தள்ளிப்போகக்கூடும் என்பதால், ஆறு வாரத்தில் ஒரு முறை பார்த்தாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்த்தே தீர வேண்டும். இடையில் பாசிட்டிவ் என்று ஒரு துரிதப் பரிசோதனை சொன்னால் இடிந்துபோக வேண்டாம். நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு முறையிலான மூன்று பரிசோதனைகள் செய்தே உறுதிப்படுத்துவார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய், ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கவலையில் எல்லாரும் மறந்துவிடுவது அவைதான்.

ஊருக்குப் போவது பற்றி: கடைசி முடிவு வரும்வரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் இருக்கக் கூடாது. என்ன காரணம் சொல்வது என்பது உங்கள் பாடு. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். மூன்று மாதத்துக்குப் பொய் தேடுவது பெரிய வேலை.

ஓசூர்வாசி (செவ்வாய், காலை):

நேற்று மாலையே போய்விட்டேன். மருத்துவர் எதுவும் கடிந்து பேசவில்லை. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். சிறுநீரகத்துக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒரு சந்தேகம் கேட்க மறந்துவிட்டேன்: எனக்கு அல்சர் தொல்லை உண்டு, இரவு ஷிப்டில் நெஞ்செரிச்சலுக்கு அந்த வெள்ளை மருந்தைக் குடிப்பேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

செவிலி அக்கா (செவ்வாய், முற்பகல்):

சேர்த்துச் சாப்பிடக் கூடாது. உங்கள் மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால், வெள்ளை மருந்தில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் அதை உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். மாத்திரையை முதலில் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளை மருந்தைக் குடிக்கலாம். வெள்ளை மருந்தை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சத்துக்காகக் கால்சியம், இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் இப்படித்தான். ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம், கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் 28ஆம் நாள் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். இதே மருந்து அந்தக் கிருமியையும் அடக்கி வைப்பதால், திடீரென்று விட்டால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும்.