விடிய விடிய ஆடும் கூத்தை 2 மணி நேரமாக்க எதை வெட்டுவது: பாட்டையா, கட்டியங்காரனையா?

திரைச்சீலை:
தெருக்கூத்தை அரங்குக்காகச் சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது பாட்டில். அடுத்த வெட்டு, வேடங்களிடம் கேள்வி கேட்டு, சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரனுக்கு. இரண்டும் கதையை நகர்த்துவதில்லை என்கிறார்கள். இது சரியா? கூத்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வசனப்பிரியன்:
சரிதான். திரௌபதி துகிலுரிதல் கூத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வேடம் வரும்போதும் திரைக்குப் பின்னால் தாளமில்லாத விருத்தம், திரை விலகியதும் தாளத்தோடு வரவுத் தரு (நுழைவுப் பாட்டு), சுழன்றாடல், பிறகு கட்டியங்காரன் ‘யார், எந்த நாடு’ என்று கேட்க, அதே விவரம் வசனத்தில். ஒரு வேடத்துக்கு 15 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 6 வேடத்துக்கு 90 நிமிடம் போய்விடும். மிச்சமுள்ள 30 நிமிடத்தில் சூதும் துகிலும் சபதமும் எப்படி அடங்கும்? துரியோதனன் அத்தினாபுரத்து அரசன் என்று மூன்று தரம் சொல்வதால் கதை ஓரடியும் நகரவில்லை. 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார், நாடகம் நின்றுவிடவில்லையே.

பின்பாட்டு:
உங்கள் கணக்கு சரி, முடிவு தவறு. நீங்கள் கணக்குப் பார்த்தது வரவுப் பாட்டை மட்டும். இருவர் வாதாடிப் பாடும் தர்க்கப் பாட்டு வேறு சாதி. கர்ண மோட்சக் கூத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் மாறிமாறிப் பாடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பிறப்பைக் குறைத்துப் பேசுபவளுக்கு அவன் ஒவ்வோர் அடியாகப் பதில் சொல்கிறான். பாட்டு தொடங்கும்போது அவர்களுக்குள் இருந்த உறவு முடியும்போது இல்லை. அதை வெட்டினால் அவன் போருக்குப் போகிறான் என்ற செய்தி மட்டும் மிஞ்சும். எதை விட்டுவிட்டுப் போகிறான் என்பது போய்விடும்.

எந்தப் பாட்டுக்கும் ஒரே சோதனைதான். அதை எடுத்துவிட்டு அடுத்த காட்சியை ஓட்டிப் பாருங்கள். ஒரு முடிவோ, ஒரு செய்தியோ, ஓர் உறவோ காணாமல் போனால் அந்தப் பாட்டு கதையைச் சுமக்கிறது. எதுவும் குறையவில்லையென்றால் தாராளமாக வெட்டலாம்.

வசனப்பிரியன்:
அப்படியானால் ஒப்பாரி உங்கள் சோதனையில் தோற்கும். அபிமன்யு இறந்தது எல்லோருக்கும் தெரிந்த பிறகு அழுவதற்கு எதற்கு அத்தனை அடி?

பின்பாட்டு:
அந்த அழுகைதான் அர்ச்சுனனை ‘நாளைப் பொழுது சாய்வதற்குள் சைந்தவனைக் கொல்வேன்’ என்ற சபதத்துக்குத் தள்ளுகிறது. ஒப்பாரி இல்லாமல் சபதம் வந்தால் அது வெறும் அறிவிப்பு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: சபதத்துக்குப் பிறகும் ஒப்பாரி தொடர்ந்தால் காட்சி அங்கேயே செத்துப்போகும். அழுகை முன்னால், சபதம் பின்னால், உடனே புறப்பாடு. இந்த வரிசை மாறக்கூடாது.

முகவீணை:
இருவரும் மேடையில் நிற்பவரின் மூச்சைக் கணக்கில் எடுக்கவில்லை. நேரம் மிச்சம் என்று விருத்தத்தை வெட்டிவிட்டு நேராகத் தருவில் இறங்குகிறார்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. சுருதியில் குரல் நிற்பதும், வேடத்தின் மனநிலை எது என்று மிருதங்கக்காரர் பிடித்துக்கொள்வதும் அந்த நான்கு அடிக்குள்தான். அது போனால் முதல் தருவில் சுருதி விலகும், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) தடுமாறும். அப்புறம் பாட்டு இழுக்கிறது என்று பாட்டின் மேலேயே பழி போடுவார்கள்.

தரு முடிந்ததும் தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமும் சுமந்து சுழன்றாடியவருக்கு மூச்சு வாங்கும். அப்போதுதான் கட்டியங்காரன் கேள்வி கேட்கிறான். அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் அடுத்த வசனம் பாதி காற்றாகத்தான் வரும்.

வசனப்பிரியன்:
மூச்சு வாங்கத்தான் ஆள் என்றால் அதை மிருதங்கம் வாசித்தே நிரப்பலாமே. கட்டியங்காரன் வந்தால் நகைச்சுவை 10 நிமிடம் நீள்கிறது. திரௌபதி சபையில் நிற்கும்போது சிரிப்பு எதற்கு?

திரைச்சீலை:
அந்த இடத்தில் நீண்ட சிரிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சுமக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: வாயில் காவலன், தூதன், ஊர்க்காரன். மேடையில் காட்டாத போரை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிப்பவனும் அவனே. அவனை எடுத்துவிட்டால் அரசன் தன் பெயரையும் நாட்டையும் யாரிடம் சொல்வான்? ஆகாயத்தைப் பார்த்தா? 2 மணி நேரக் கூத்துக்கு அவன் இன்னும் அதிகமாகத் தேவை. வெட்டிய காட்சிகளை ஒட்டுப்போட வேறு ஆள் இல்லை.

முகவீணை:
பழைய வகைப்பாடும் இதையே சொல்கிறது. நாட்டிய சாஸ்திரம் துருவை எனப்படும் நாடகப் பாடல்களை ஐந்தாகப் பிரிக்கிறது: பாத்திரம் நுழைய, வெளியேற, நடக்கும் உணர்வை முறிக்க, கலங்கியதைத் தெளிவிக்க, இடைவெளியை நிரப்ப. வரவுப் பாட்டு முதல் வகை மட்டுமே. அதை வைத்து மற்ற நான்கையும் எடைபோட முடியாது.

பின்பாட்டு:
ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வெவ்வேறு ஊரிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் அன்றிரவே சேர்ந்து நடிக்கிறார்கள். வள்ளி திருமணம் குலையாமல் போவது எப்படி? எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்பது எல்லோருக்கும் பாடம். வசனம் ஆளுக்கு ஆள் மாறும், பாட்டின் வரிசை மாறாது. அங்கே கதையின் எலும்புக்கூடே பாட்டுதான்.

வசனப்பிரியன்:
இது நல்ல வாதம், மறுக்கவில்லை. ஆனால் ஒத்திகை பார்த்து ஆடும் குழுவுக்கு அந்த எலும்புக்கூட்டை எழுத்துப் பிரதியே தந்துவிடும். சரி, பாட்டை விடச் சொல்லவில்லை. 90 நிமிடத்தை எங்கே குறைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

பின்பாட்டு:
முதலில், வேடக்காரருக்குப் பின்னால் நின்று பாடும் பின்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவதை நான்கிலிருந்து ஒன்றாக்குங்கள். இரண்டாவது, பாட்டில் வந்ததை வசனத்தில் மறுபடி சொல்வதை எடுங்கள். களரியில் (திறந்தவெளி ஆடுகளத்தில்) இருட்டு, தூரம், பாதியில் வந்து உட்காருபவர்கள் என்பதால் அந்த மும்முறை தேவைப்பட்டது. கதவு சாத்திய அரங்கில் ஒருமுறை போதும். மூன்றாவது, முழு வரவு இரண்டு முக்கிய வேடங்களுக்கு மட்டும், 15 நிமிடம் வீதம். மற்ற நால்வருக்கும் விருத்தம், தருவின் பல்லவி, கட்டியங்காரனின் ஒரு கேள்வி: 4 நிமிடம். மொத்தம் 46 நிமிடம். சூதுக்கும் துகிலுக்கும் சபதத்துக்கும் 74 நிமிடம் கிடைக்கிறது.

வசனப்பிரியன்:
கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் துச்சாதனனுக்கு 4 நிமிடம் போதாது. அவன் முரட்டுத்தனம் வரவிலேயே பதியாவிட்டால் துகில் காட்சியில் அவனைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. அவனுக்கு 8 கொடுங்கள், தருமனிடமிருந்து எடுக்கலாம்.

முகவீணை:
தருமனிடம் எடுக்காதீர்கள், சூதாட்டத்தில் இழப்பவன் அவன்தான். சகுனியின் வரவை எடுங்கள். காய் உருட்டும்போது பாடும் தருவிலேயே அவன் யாரென்று தெரிந்துவிடும்.